வலையமைப்பு மேலாண்மைத் தரவுமொழி: கலைச்சொல்லும் தொடரமைதியும்

வழக்கு முன்னதாகவும் இலக்கணம் பின்னதாகவும் தோன்றுதல் மக்கள் பேசும் மொழிகளின் இயல்பு. இதற்கு மாறாக, இலக்கணத்தை முன்னர் வகுத்து வழக்கினைப் பின்னர் எதிர்நோக்கும் மொழிகளும் இன்று உள. கணினிகளுக்கும் அவற்றை இணைக்கும் கருவிகளுக்கும் செய்தி சொல்லுதற்பொருட்டு ஆக்கப்படும் மொழிகள் அத்தகையன. அவற்றுள் ஒன்று, வலையமைப்பை மேலாளுதற்குரிய தரவுமொழி. அதனை வகுத்தோர் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் சொற்பொருள் பற்றியும் தொடரமைதி பற்றியும் வாதிட்டனர். அவ்வாதங்கள் சொல்லதிகாரம் பயின்றார்க்கு முற்றும் புதியனவாகத் தோன்றா. அவற்றுள் தலையாயது ஒன்றனை விளக்குதலும், அவ்வாவணங்களைத் தமிழிற் பெயர்க்கப் புகுவார் எதிர்கொள்ளும் இடர் ஒன்றனை ஆராய்தலும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தரவுமொழி என்பது யாது? இணையத்திற் செய்தியைத் திசைதிருப்பி விடும் ஒரு திசைவியை எடுத்துக்கொள்வோம். அதன் ஒவ்வோர் இடைமுகத்திற்கும் பெயர், முகவரி, விரைவு, இயங்குகின்றதா இல்லையா என்னும் நிலை, சென்ற செய்திகளின் எண்ணிக்கை எனப் பல தரவுகள் உண்டு. இவற்றுட் சில, மேலாள்வோர் எழுதி மாற்றத்தக்கன. சில, கருவி தானே அறிவிப்பன. இன்ன தரவிற்கு இன்ன பெயர், இன்ன வகை மதிப்பு, இன்னதனை எழுதலாம், இன்னதனைப் படிக்க மட்டும் இயலும் என்று வரையறுத்தற்குரிய மொழியே தரவுமொழி. வெவ்வேறு நிறுவனங்கள் செய்த கருவிகளை ஒரே மென்பொருள் ஆளவேண்டுமாயின், இவ்வரையறை எல்லார்க்கும் பொதுவாதல் இன்றியமையாதது. அப்பொதுமையை நாடி உழைக்கும் அவை ஐ.ஈ.டி.எஃப். என்னும் இணையப் பொறியியல் பணிக்குழு. அதன் நூற்பாக்கள் 'கருத்துரை வேண்டல்' என்னும் பொருள்படும் ஆர்.எஃப்.சி. என்ற பெயரால் எண்ணிட்டு வெளியிடப்படுகின்றன. பலகால் ஆய்ந்து முடிந்த முடிபாயவற்றிற்கும் இவ்வடக்கமான பெயரே வழங்குதல் குறிப்பிடத்தக்கது.

இத்துறையின் முதல் மொழி எஸ்.எம்.ஐ. என்பது. எஸ்.என்.எம்.பி. என்னும் எளிய மேலாண்மை நெறிமுறைக்குத் துணையாக 1988-இல் அது வெளிவந்தது. அதன் இரண்டாம் வடிவம் 1999-இல் ஆர்.எஃப்.சி. 2578 ஆக நிலைபெற்றது. இம்மொழிக்குத் தனக்கெனத் தொடரமைதி இல்லை. ஏ.எஸ்.என்.1 என்னும் பிறிதொரு குறிமுறையின் ஒரு பகுதியைக் கடனாகப் பெற்று அது இயங்கிற்று. கடன் கொண்ட இலக்கணத்தின் தீங்கு விரைவில் வெளிப்பட்டது. எஸ்.எம்.ஐ. பெரிதும் சார்ந்திருந்த மேக்ரோ என்னும் உறுப்பினை ஏ.எஸ்.என்.1-இன் உரிமையாளர் 1994-ஆம் ஆண்டுத் திருத்தத்திற் கைவிட்டனர், எஸ்.எம்.ஐ.யோ 1988-ஆம் ஆண்டு வடிவிலேயே தங்கிவிட்டது. மூல இலக்கணம் வேறு, கடன்கொண்ட இலக்கணம் வேறு என்றாகவே, ஒன்றற்கு எழுதிய கருவி மற்றதற்குப் பயன்படாதாயிற்று.

தொடரமைதியில் சிறு குறிகளும் பெருந்தொல்லை விளைத்தல் உண்டு. எஸ்.எம்.ஐ.யில் இரண்டு சிறுகோடுகள் அடுத்து வரின் அங்கு விளக்கக் குறிப்புத் தொடங்கும்; வரி முடியும் வரையிலோ, அடுத்த இரட்டைச் சிறுகோடு வரும் வரையிலோ அது நீளும். அழகு கருதி நான்கு சிறுகோடுகளை வரிசையாக இட்டு அதன்பின் குறிப்பெழுதிய ஒருவர், குறிப்பினைத் திறந்து அப்பொழுதே மூடியவராவர். எஞ்சிய எழுத்துகள் மொழியின் உறுப்பாகிப் பிழை காட்டும். பெயரின் இடையே சிறுகோடு வருதலையும் இரண்டாம் வடிவம் விலக்கியது. ஆயினும் முதல் வடிவிற் பிறந்த 'மிப்-2' என்னும் பெயர் சிறுகோட்டுடனேயே வழங்கிற்று. தொகுதிகளின் பெயர்களிலும் சிறுகோடு ஏற்கப்பட்டது. விதி ஒன்றாகவும் விலக்கு இரண்டாகவும் நின்ற இந்நிலை பயில்வாரை மயங்கவைத்தது.

இனிச் சொல் பற்றிய மயக்கம். எஸ்.எம்.ஐ. தன் அடிப்படை அலகினை 'ஆப்ஜெக்ட்' என்றது. அதன் பொருள் ஒரு தனி மதிப்பினை உடைய மாறி என்பதே. ஆனால் நிரல் எழுதுவார் வழக்கில் அச்சொல், தரவும் செயலும் ஒருங்கே பொருந்திய, பண்புகளை மரபுரிமையாகப் பெறுதற்குரிய ஓர் அலகினைக் குறிக்கும். இருவகை வழக்கினரும் ஓரவையில் அமர்ந்து வாதிட்டபோது, ஒரே சொல்லைக் கூறி வெவ்வேறு பொருளைக் கருதினர். (நம் மொழிபெயர்ப்பாளர் அதனைப் 'பொருள்' என்று பெயர்த்து, சொல்லின் பொருளையும் அதுவே உணர்த்துமாறு செய்து, மயக்கத்தை மும்மடங்காக்குதல் வேறு செய்தி.)

இக்குறைகளை நீக்கப் புதுமொழி ஒன்று வேண்டும் என்னும் எண்ணம் வலுத்தது. 2001 திசம்பரில் வெளிவந்த ஆர்.எஃப்.சி. 3216, எஸ்.எம்.ஐ.என்.ஜி. எனப்பட்ட அப்புதுமொழிக்குரிய வேண்டற்பாடுகளைத் தொகுத்துரைத்தது. ஆராய்ச்சி மாணவர் இவ்வாவணத்தின் அமைப்பினை நோக்குதல் நன்று. வேண்டற்பாடுகள் யாவும் ஏற்கப்பட்டவை, இருப்பின் நலம் எனத் தக்கவை, தள்ளப்பட்டவை என மூன்றாக வகுக்கப்பட்டுள்ளன. தள்ளப்பட்டவற்றையும் மறைக்காது பதிவு செய்தமை இதன் சிறப்பு; பிறர் கொள்கையைக் கூறி மறுக்கும் நம் உரையாசிரியர் மரபினை அது நினைவூட்டுகின்றது. மக்கள் படித்தறியத் தக்கதாதல், தொடரமைதி ஐயத்திற்கு இடமின்றி வரையறுக்கப்படுதல், எந்த நெறிமுறையையும் சாராது நிற்றல் முதலியன ஏற்கப்பட்டன. ஆயினும் முயற்சி கைகூடவில்லை. குழுவினர் உடன்பாடு காணாது கலைந்தனர். அம்மொழி 2004-இல் சோதனைநிலை ஆவணமாக மட்டும் வெளியிடப்பட்டது.

இதனிடையே, மொழியை ஆக்குவார் அல்லாது ஆள்வார் குரலும் எழுந்தது. 2002 சூன் திங்களில் அமெரிக்க நாட்டு வர்சீனியாவிலுள்ள ரெஸ்டனில் நிகழ்ந்த கூட்டத்தில், வலையமைப்புகளை நாள்தோறும் இயக்குவோர் தம் குறைகளை எடுத்துரைத்தனர். அவை 2003-இல் ஆர்.எஃப்.சி. 3535 ஆக வெளிவந்தன. அவர்தம் வேண்டற்பாடுகளுள் ஒன்று பின்வந்த வாதம் அனைத்திற்கும் வித்தாயிற்று. நாம் கருவிக்கு இட்ட அமைவு வேறு, கருவி இயங்கும் நிலை வேறு, அது எண்ணிக் காட்டும் புள்ளிவிவரம் வேறு. இம்மூன்றும் மயங்காது பிரித்துணர்த்தப்படல் வேண்டும் என்பதே அது. கேட்பார்க்கு எளிதாகத் தோன்றும் இவ்வேண்டுகோளை நிறைவேற்றப் பதினைந்து ஆண்டுகள் கழிந்தன.

2006-இல் நெட்கான்ஃப் என்னும் புதிய நெறிமுறை பிறந்தது; எனினும் அதன்வழிச் செல்லும் தரவினை வருணிக்கும் மொழி அப்பொழுது வகுக்கப்படவில்லை. 2008-இல் அதற்கெனத் தனிக்குழு அமைந்தபோது வாதம் இருபாலாகப் பிரிந்தது. எக்ஸ்.எம்.எல். தரவிற்கு முன்னரே வழங்கிய வருணனை மொழிகள் போதும் என்றனர் ஒருசாரார். இத்துறைக்கெனவே ஒரு மொழி வேண்டும் என்றனர் மற்றொரு சாரார். முன்னவர் கூற்றிலும் நியாயம் உண்டு. இருக்கும் மொழிக்கு இலக்கணமும் கருவியும் முன்னரே ஆயத்தமாக உள்ளன. ஆனால், 'இத்தரவினை மேலாள்வோர் மாற்றலாம். இதனை மாற்றலாகாது' என்னும் வேறுபாடு பொதுமொழிகளுக்குப் புறம்பானது. அதனை ஒட்டுறுப்பாகவே சேர்த்தல் கூடும். பின்னவர் கருத்தே வென்றது. 2010 அக்டோபரில் ஆர்.எஃப்.சி. 6020 ஆக யாங் என்னும் மொழி வெளிவந்தது. 'இன்னுமோர் அடுத்த தலைமுறை' என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளால் ஆயது அப்பெயர் என்பர். தோற்ற முயற்சிகளை எண்ணிச் சிரித்துக்கொண்டே இட்ட பெயர் போலும்.

யாங்கின் தொடரமைதி எளிது. ஒவ்வொரு கூற்றும் ஒரு திறவுச்சொல்லிற் தொடங்கும்; அதன்பின் ஒரு மதிப்பு வரும்; அரைப்புள்ளியால் முடியும், அன்றேல் நெளிவடைப்பினுள் உட்கூற்றுகளைக் கொள்ளும். 'லீஃப்' என்பது தனி மதிப்பு; 'கன்டெய்னர்' என்பது கொள்கலம்; 'லிஸ்ட்' என்பது பட்டியல்; பட்டியலின் உறுப்புகளை வேறுபடுத்திக் காட்டுவது 'கீ'. இலக்கணம் முழுமையும் ஆவணத்தினுள்ளேயே முறைப்படி எழுதப்பட்டமையின், பிறர் இலக்கணத்திற்குக் காத்திருக்கும் நிலை நீங்கிற்று. இவ்வடிவினைத் தேர்ந்ததற்குக் கூறப்பட்ட காரணமே யான் பெரிதும் மதிப்பது. படிப்பார் காலத்தையும் உழைப்பையும், எழுதுவார்க்கும் கருவி செய்வார்க்கும் உரியவற்றினும் உயர்வாக மதிக்கின்றோம் என்று அவ்வாவணம் வெளிப்படையாக உரைக்கின்றது. ஒன்றனை எழுதுவார் சிலர், படிப்பார் பலர் என்னும் உண்மையை உணர்ந்து கொண்ட முடிபு இது. ஆயினும் வழு முற்றும் நீங்கிற்றில்லை. இரட்டை மேற்கோளினுள் பின்சாய்கோட்டினை அடுத்து வரையறுக்கப்படாத எழுத்து வரின் அதன் பொருள் யாது என்பது முதற் பதிப்பில் தெளிவாக இல்லை. 2016-இல் வந்த யாங் 1.1, அவ்வாறு எழுதுதல் பிழை என விலக்கிற்று.

இனி, தலையாய வாதத்திற்கு வருவோம். யாங்கில் 'கான்ஃபிக்' என்னும் கூற்று ஒவ்வொரு தரவையும் இரண்டில் ஒன்றாக்கும்: மெய் எனின் அது அமைவு; பொய் எனின் அது நிலை. ஆனால் உலகம் இவ்விரண்டில் அடங்குவதன்று. மேலாள்வோர் ஒருவர், கருவியில் இன்னும் செருகப்படாத அட்டை ஒன்றன் இடைமுகத்திற்கு முன்னரே அமைவு எழுதி வைக்கின்றார். அமைவு உண்டு, இடைமுகம் இல்லை. மறுதலையாக, எவரும் அமைவு எழுதாமலே கருவி தானாக ஓர் இடைமுகத்தைத் தோற்றுவிக்கின்றது. இடைமுகம் உண்டு, அமைவு இல்லை. இவ்விரண்டையும் ஒருங்கே காட்டும் பொருட்டு 2014-இல் ஆர்.எஃப்.சி. 7223 'இன்டர்ஃபேசஸ்' என்றும் 'இன்டர்ஃபேசஸ்-ஸ்டேட்' என்றும் இரண்டு மரங்களை நட்டது. ஒரே இடைமுகம் ஈரிடத்தும் எழுதப்பட்டது. கூறியது கூறல் என்னும் குற்றம் இங்குத் தேவையினால் நேர்ந்தது.

2015-இல், பெரிய வலையமைப்புகளை இயக்கும் நிறுவனங்கள் கூடிய ஓப்பன்கான்ஃபிக் என்னும் குழு, புதிய கலைச்சொற்களை முன்வைத்தது. மேலாள்வோர் கருதியது 'இன்டென்டெட்' அமைவு. கருவி உண்மையில் ஏற்று நடப்பது 'அப்ளைடு' அமைவு. இயக்கத்தால் தோன்றும் எண்ணிக்கை முதலியன 'டிரைவ்டு ஸ்டேட்'. பின்னவை இரண்டும் சேர்ந்தது 'ஆபரேஷனல் ஸ்டேட்', அஃதாவது இயங்குநிலை. இங்குத்தான் முரண் எழுந்தது. நெட்கான்ஃப் ஆவணத்தின் வரையறைப்படி, நிலைத்தரவு என்பது அமைவு அல்லாத தரவு. அமைவு அல்லாததனுள் 'ஏற்ற அமைவு' எங்ஙனம் அடங்கும்? ஒருவர்க்கு இயங்குநிலை என்பது இயக்கத்தில் உள்ள அனைத்தும்; மற்றவர்க்கு அமைவு நீங்கலாக எஞ்சியது. சொல் ஒன்று, எல்லை இரண்டு. குழுவினர் கலைச்சொற்களையும் வேண்டற்பாடுகளையும் மட்டும் தொகுத்துத் தனி வரைவு எழுதிய பின்னரே மேற்செல்ல இயன்றது.

இவ்வாதத்தைச் சொற்போர் என்று இகழ்தல் தவறு. ஒரு திசைவிக்குப் புதிய முகவரி எழுதப்பட்டு, கருவி அதனைப் பெற்றுக்கொண்டதாக விடை அனுப்புகின்றது என்று கொள்வோம். பெற்றுக்கொண்டது என்றால் நடைமுறைப்படுத்தியது என்று பொருளா? சில கருவிகள் முற்றும் செய்து முடித்தபின் விடை தருவன. சில, விடை தந்தபின் செய்யத் தொடங்குவன. இரண்டினையும் ஒரே சொல்லாற் குறித்தால், ஆயிரக்கணக்கான கருவிகளை ஆளும் மென்பொருள், செய்யப்படாததனைச் செய்யப்பட்டதாகக் கருதி அடுத்த மாற்றத்தை ஏவும். அவ்வழி முறியும் இணைப்புகளைச் சார்ந்தோர் பலர்.

முடிபு 2018 மார்ச்சில் ஆர்.எஃப்.சி. 8342 ஆக வந்தது. அது பெயரை இரட்டிக்கவில்லை. தரவு உறையும் இடங்களைப் பிரித்தது. 'ரன்னிங்' என்பது மேலாள்வோர் எழுதிய அமைவு உறையும் தரவகம். வார்ப்புருக்கள் விரிக்கப்பட்டு, செயலற்றவை நீக்கப்பட்டபின் அவ்வமைவே 'இன்டென்டெட்' ஆகும். 'ஆபரேஷனல்' என்னும் தரவகத்தில் ஏற்ற அமைவும் நிலையும் ஒருங்கே உறையும். அங்குள்ள அமைவு மதிப்பு எங்கிருந்து வந்தது என்பதனைத் தோற்றுவாய்க் குறி ஒன்று காட்டும்: மேலாள்வோர் கருதியது, இயங்குகாலத்தில் இடப்பட்டது, கருவி தானே தந்தது, பிறரிடமிருந்து கற்றது, இயல்பாய் அமைந்தது, அறியப்படாதது என்பன அக்குறிகள். இரண்டு மரங்களை நட்டு ஒரே பெயரை ஈரிடத்து எழுதியதனினும் இது திருந்திய வழி என்பது என் துணிபு. வேற்றுமைப் பொருளை உணர்த்தப் பெயரையே மாற்றாது உருபினை ஒட்டும் நம் மொழியின் இயல்பறிந்தார் இதன் நன்மையை எளிதில் உணர்வர். அதே திங்களில் வந்த ஆர்.எஃப்.சி. 8343, 'இன்டர்ஃபேசஸ்-ஸ்டேட்' என்னும் இரண்டாம் மரத்தை வழக்கொழிதற்குரியது எனக் குறித்தது.

அவ்வாறு குறிக்கப் பயன்பட்ட 'டெப்ரிகேட்டட்' என்னும் சொல்லின் வரையறையோ நகைப்பிற்கிடமானது. யாங்கில் இதற்கு அடுத்த நிலை 'அப்சலீட்', அஃதாவது வழக்கொழிந்தது. முன்னதனை வரையறுக்கப் புகுந்த ஆவணம், 'அப்சலீட்டான, ஆயினும் தொடர்ந்து செய்ய இசைவுள்ள வரையறை' என்னும் கருத்துப்பட எழுதிற்று. வேறுபடுத்த வேண்டிய இரு சொற்களுள் ஒன்றனை மற்றதனைக் கொண்டே விளக்கினால், அவற்றின் எல்லை எங்ஙனம் புலனாகும்? தான் குறியிடுதலைத் தொல்காப்பியர் உத்திகளுள் ஒன்றாக வைத்தார். குறியிட்டவன் தன் குறிகளைத் தன்னுள் முரணாது காத்தலும் அவ்வுத்தியின் பாற்படும்.

தமிழிற் பெயர்ப்பார்க்கு நேரும் இடர் இவ்வகை அருஞ்சொற்களில் இல்லை. மிக எளிய வினைகளில் உள்ளது. இவ்வாவணங்களில் 'மஸ்ட்', 'ஷுட்', 'மே' என்னும் மூன்று துணைவினைகள் கலைச்சொற்களாக ஆளப்படுகின்றன. 1997-இல் வந்த ஆர்.எஃப்.சி. 2119 இவற்றை வரையறுத்தது. முதலாவது, விலக்கின்றிச் செய்ய வேண்டியது. இரண்டாவது, தக்க காரணம் இருப்பின், விளைவினை நன்கு உணர்ந்து விடத்தக்கது. மூன்றாவது, செய்வோர் விருப்பிற்கு உரியது. ஒரு கருவி நெறிக்கு இயைந்ததா அன்றா என்பது இச்சொற்களைக் கொண்டே தீர்மானிக்கப்படும். தமிழிலோ முதலிரண்டிற்கும் 'வேண்டும்' என்பதே கைக்கு வருகின்றது. அச்சொல்லின் பரப்பும் பெரிது. 'மழை பெய்ய வேண்டும்' என்புழி விருப்பம். 'வரி செலுத்த வேண்டும்' என்புழிக் கடமை. 'அவன் இந்நேரம் வந்திருக்க வேண்டும்' என்புழி ஊகம். 'கருவி விடை அனுப்ப வேண்டும்' என்று எழுதினால், படிப்பவன் எதனைக் கொள்வான்? கட்டாயத்தைப் பரிந்துரையாகக் கொண்டு அவன் செய்த கருவி, பிற கருவிகளோடு பேசாது நிற்கும்.

வியங்கோள் உதவுமோ எனின், வாழ்த்தல், வைதல், வேண்டல், விதித்தல் எனப் பலபொருட்கும் உரியதாகலின் அதுவும் உதவாது. ஆங்கிலத்தாரும் இவ்விடரை அறிந்தனர். இச்சொற்கள் பொதுவழக்கிலும் வருதலின், பெரிய எழுத்தில் எழுதப்பட்டவிடத்து மட்டுமே சிறப்புப் பொருள் கொள்க என 2017-இல் ஆர்.எஃப்.சி. 8174 விதித்தது. பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்னும் பாகுபாடு நம் எழுத்திற்கு இல்லை. தடித்த எழுத்தில் அச்சிடலாம் என்பார் உளர். படியெடுக்கையில் தடிப்பு மறையும், பொருளும் உடன் மறையும். ஆதலின் வெவ்வேறு சொற்களை ஆளுதலே தக்கது. கட்டாயத்திற்குக் 'கடவது', அதன் மறைக்குக் 'கூடாது'. பரிந்துரைக்குத் 'தக்கது', அதன் மறைக்குத் 'தகாது'. விருப்பிற்கு '-லாம்' என்னும் ஈறு. 'கருவி விடை அனுப்பக் கடவது', 'கருவி விடை அனுப்புதல் தக்கது', 'கருவி விடை அனுப்பலாம்' என மூன்றும் வேறுபட்டு நிற்றல் காண்க. '-லாம்' என்பது 'நாளை மழை வரலாம்' என நிகழ்தகவையும் உணர்த்துமாகலின், அப்பொருட்கு இவ்வாவணங்களில் 'கூடும்' என்பதனையே ஆளுதல் வேண்டும்.

'கடவது' விவிலிய மொழிபெயர்ப்பிலும் பழைய சட்டத் தமிழிலும் வழங்கிய சொல். இன்றைய உரைநடைக்குப் பொருந்தாது என்று தடை கூறுவர். அத்தடையே அதற்குரிய தகுதியைக் காட்டுகின்றது. அன்றாட வழக்கில் தேய்ந்துபோன சொல்லுக்கு அன்றாடப் பொருள் வந்து கலவாது; வரையறை கூறிய பொருளில் மட்டும் அது நிற்கும். பேச்சுவழக்கில் எளிதாக ஓடும் சொல்லைக் கலைச்சொல்லாக்கினால், 'ஆப்ஜெக்ட்' பட்ட பாட்டினை அதுவும் படும்.

தரவுகளின் பெயர்களைத் தமிழாக்குதல் பற்றியும் ஒரு சொல். யாங்கின் இலக்கணம், பெயர் என்பது உரோமன் எழுத்து, எண், அடிக்கோடு, சிறுகோடு, புள்ளி ஆகியவற்றால் மட்டும் ஆயதாதல் வேண்டும் என வரையறுத்துள்ளது. எனவே தரவின் பெயரைத் தமிழெழுத்தில் எழுத அம்மொழி இடந்தராது. ஆனால் ஒவ்வொரு தரவையும் விளக்கும் வருணனைப் பகுதியில் தமிழ் எழுதத் தடை ஏதும் இல்லை. நம் கலைச்சொற்கள் அங்கு இடம்பெறுதல் கூடும். அவற்றுள் 'அப்ளைடு' என்பதற்கு 'ஏற்ற அமைவு' பொருந்தும். 'இன்டென்டெட்' என்பதற்குக் 'கருதிய அமைவு' என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தல் 2015-ஆம் ஆண்டு வழக்கிற்கு ஒக்கும். 2018-இன் வரையறைக்கு ஒவ்வாது. மேலாள்வோர் எழுதியது ரன்னிங்கில் உள்ளது. இன்டென்டெட் என்பதோ கருவி அதனை விரித்தும் களைந்தும் கண்டது. அதனை 'விரித்த அமைவு' என்றல் பொருந்தும். தோற்றுவாய்க் குறியாக வருமிடத்து மட்டும் 'கருதியது' என்பது நிற்கலாம்.